பெட்டிக்கா, ஆளுக்கா

கச்சான் காற்று கோட்டை மதிலைச் சுட்டுக்கொண்டிருந்த ஆடியில்
கொழும்பிலிருந்து ஒரு கட்டு வந்தது,
அரக்கு உருகி ஓரமெல்லாம் ஒட்டிக்கொண்டு.
சட்டநிரூபண சபை பேசியதெல்லாம் அதற்குள்.
தமிழில் பெயர்த்துத் துறையிலும் சந்தையிலும் ஒட்டவேண்டும்.
அது என் வேலை. மாதம் முப்பத்தைந்து ரூபா, மை இனாம்.

சபைக்குப் புதுக் கதிரைகள், தோல் மெத்தை வைத்து:
நாலாயிரத்து இருநூறு.
ஆட்சேபிக்க எவரும் எழுந்திருக்கவில்லை.
கதிரைக்கு எதிராய் எவர் எழும்புவார்?

புளியந்தீவுத் தோணித்துறைக்கு இரண்டு குற்றி, ஏழு பலகை:
நூற்றெண்பது.
அடுத்த வருடம் பார்க்கலாம்.

பிறகு தெருவில் விற்போர் சீட்டு,
ஒன்றரை ரூபா, கழுத்தில் தொங்கத் தகர இலக்கம்.
இதற்கு மட்டும் இரண்டு நாள் பேச்சு.
ஒரு கனவானுக்குக் கூவுகிற சத்தத்தால்
மத்தியான நித்திரை கெடுகிறதாம்.
இன்னொரு கனவான் ஏழைகளுக்காக இரங்கினார்:
இரண்டு ரூபா இருந்ததை ஒன்றரை ஆக்கியவர் அவர்தான்.
ஒன்றரை ரூபா என்றால் முப்பது சுண்டு கச்சான்.

ஒரு சொல்லில் இடறினேன்.
ஓரிடம் நில்லாது அலைந்து விற்பவர் என்று எழுதிவிட்டு
யன்னலால் பார்த்தேன்.
கதிராத்தை விடிந்ததிலிருந்து ஒரே இடத்தில் நிற்கிறாள்.
தோணி இன்னும் வரவில்லை.
வெட்டினேன். வேறு சொல் கிடைக்காமல்
அதையே திரும்ப எழுதினேன்.

செவ்வாய்க்கிழமை அவளே வந்தாள் சீட்டெடுக்க.
கூடவே தங்கச்சி நல்லாத்தை.
இருவருக்கும் பெட்டி ஒன்று,
பனையோலை, அடியில் சாக்குத் துண்டு வைத்துத் தைத்தது.

தொழில் நடக்கும் இடம்?
"தலை."
எழுதினேன். தலை.

பெயர்?
ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள்.
"விடியப்பறம் நான் சுமப்பன். பின்னேரம் இவள்.
சீட்டு பெட்டிக்கா தம்பி, ஆளுக்கா?
பெட்டிக்கெண்டா ஒண்டு தா.
ஆளுக்கெண்டாலும் ஒண்டுதான் தரணும்.
நாங்க ரெண்டு பேரும் ஒருநாளும் ஒண்டா விக்கிறயில்ல.
ஆளுக்குப் பாதிதான் நாங்க."

பெரிய கிளாக்கர் பல்தசார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
மூன்றாம் பிரிவு பார்த்தார். ஏழாம் பிரிவு பார்த்தார்.
பெட்டி என்ற சொல்லே சட்டத்தில் இல்லை.
"கொழும்புக்கு எழுது. பதில் வரும்வரைக்கும்..."
மிச்சம் சொல்லாமல் சாப்பாட்டுக்குப் போய்விட்டார்.

மிச்சத்தை நான் எழுதினேன்:
விண்ணப்பம் விசாரணையில் உள்ளது. தண்டம் அறவிடப்படாது.
கச்சேரி முத்திரையைக் கொஞ்சம் அழுத்தியே குத்தினேன்.
மடித்துச் சாக்குத் துண்டுக்குள் செருகிக்கொண்டாள்.
"மறுகா வாறன் தம்பி."

மாரி வந்தது. வாவி தெருவேறியது.
துறையில் மிஞ்சியிருந்த பலகையும் கழன்று
கல்லடிப் பக்கம் மிதந்து போனது.
பொலிசுக்காரர் துவான் ஜுமாத் பிரம்போடு மறித்தபோது
அவள் காகிதத்தை விரித்தாளாம்.
எழுத்து அவருக்குத் தெரியாது. முத்திரையை வாசிப்பார்.
வாசித்துவிட்டு ஒரு சுண்டு கச்சானோடு போய்விட்டாராம்.
அந்தக் கச்சானுக்குக் காசு கொடுத்தாரா
என்று நான் கேட்கவில்லை.

ஏழாம் மாதம் பதில் வந்தது.
ஒரு பக்கம் நிறைய மேற்கோள்கள்,
பிழிந்தால் ஒரு சொல்: ஆளுக்கு.
ஆகவே இரண்டு சீட்டு, மூன்று ரூபா,
முந்திய மாதங்களுக்கும் சேர்த்துத் தண்டம்.

பல்தசார் வாசித்து என் மேசையில் வைத்தார்,
ஒன்றும் பேசவில்லை.

வெளியே பகல் சாயும் நேரம்.
கதிராத்தை குனிந்து பெட்டியை இறக்க
நல்லாத்தை சும்மாட்டோடு தலை நீட்டினாள்.
இரண்டு தலைக்கும் நடுவே கொஞ்ச நேரம்
பெட்டி எவர் மேலும் இல்லாமல்
நாலு கையில் நின்றது.
அந்த நேரம் பார்த்து ஒரு பள்ளிக்கூடப் பொடியன்
அரைச் சதத்தை நீட்டினான்.

பேனையை மையில் தோய்த்தேன்.

மேற்படி கடிதம் சம்பந்தமாகப் பணிவோடு கேட்டுக்கொள்வது:
பெட்டி கைமாறுகையில் ஒரு வியாபாரம் நடந்தால்
விற்றவர் எவர்?

மூன்று பிரதி.
தபால் கூலி அரசாங்கக் கணக்கில்.